குகைக்குள் கொண்டுபோகும் சிலிண்டரை யாரிடம் வாடகைக்கு எடுப்பது?

காவிரிப் படுகையில் குகை டைவிங், அதாவது தண்ணீர் நிறைந்த குகைக்குள் சிலிண்டரோடு மூழ்கிப் போவது, கிடையாது. கல்லணைக்குக் கீழே நாம் நிற்கும் நிலம் முழுக்க ஆறு கொண்டுவந்து கொட்டிய மணலும் களியும். தண்ணீர் குடைந்து குகை உண்டாக வேண்டுமென்றால் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை வேண்டும். அந்தப் பாறை கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர்ப் பக்கம் இருக்கிறது; அங்கே அதைச் சிமெண்டுக்காக வெட்டுகிறார்கள். ஆனாலும் இந்தப் பதிவு காரைக்கால், நாகூர், கும்பகோணம், மன்னார்குடிக்காரர்களுக்காகத்தான். புதுச்சேரிக் கடலில் டைவிங் கற்றுக்கொண்டு, பிரான்சிலோ அமெரிக்காவிலோ உறவுக்காரர் வீட்டில் தங்கி, அங்கே குகைப் பயிற்சி எடுக்கலாம் என்று கணக்குப் போடுபவர்களுக்கு.

மூச்சு வாங்கும் ரெகுலேட்டர், ஹார்னஸ், விளக்குகள், வழிக்கயிறு சுற்றிய ரீல் எல்லாம் பெட்டியில் அடங்கிவிடும். சிலிண்டர் அடங்காது. காற்று அடைத்த சிலிண்டரை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். காலியாக்கி வால்வைக் கழற்றிக் கொண்டுபோனாலும் ஒரு ஜோடி அலுமினியம் சிலிண்டரே கிட்டத்தட்ட 28 கிலோ வரும். ஆக, மற்றதெல்லாம் நமக்குப் பழகிய சாமான், மூச்சு மட்டும் முன்பின் தெரியாத கடையிலிருந்து வருகிறது. அதனால் கடையைத் தேடுவது டிக்கெட் போடுவதற்கு முந்தைய வேலை. வாடகை எவ்வளவு என்பது அந்தத் தேடலில் கடைசிக் கேள்வி. முதல் கேள்வி ஒன்றுதான்: சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது என்று இந்தக் கடையால் சொல்ல முடியுமா, அதை நாமே சோதித்துப் பார்க்க இடமும் நேரமும் தருமா?

கடலில் காற்று தீர்ந்தால் தலைக்கு மேலே வானம் இருக்கிறது. குகையில் மேலே பாறை. போன வழியேதான் திரும்ப வேண்டும். நாற்று நடச் சேடை ஓட்டிய வயலில் கையை விட்டால் விரல் தெரியாது அல்லவா, குகைத் தரையின் வண்டலைக் காலில் மாட்டிய துடுப்பு கலக்கிவிட்டால் அதே நிலைதான். போகும்போது விரித்த வழிக்கயிற்றைப் பிடித்துத் தடவிக்கொண்டே வெளியே வர வேண்டும், இரண்டு மடங்கு நேரம் ஆகலாம். 1970களில் அமெரிக்கக் குகை டைவர் ஷெக் எக்ஸ்லி புளோரிடா குகை விபத்துகளை அலசி வகுத்த விதிகளில் ஒன்று இன்றும் எல்லாப் பயிற்சி அமைப்புகளுக்கும் அடிப்படை: மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு வெளியே வர, ஒரு பங்கு ஆபத்துக்கு. சிலிண்டரின் கொள்ளளவும் அழுத்தமும் கலவையும் சரியாகத் தெரிந்தால்தான் இந்தக் கணக்குக்கு அர்த்தம் உண்டு.

கடைக்கு எழுதும்போது

நாம் கேட்பதற்கு முன் கடை நம்மிடம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். குகைக்கு என்று சொன்னதும் எந்த நிலைச் சான்றிதழ், கடைசியாகக் குகையில் இறங்கியது எப்போது, கூட வருவது யார் என்று விசாரிக்கிற கடை நல்ல கடை. கடல் சான்றிதழை மட்டும் பார்த்துவிட்டு இரட்டைச் சிலிண்டரைத் தூக்கிக் கொடுக்கிற கடை, சிலிண்டரைப் பராமரிப்பதிலும் அதே அலட்சியத்தைத்தான் காட்டும். புளோரிடாவின் பல குகை வாயில்களில் தண்ணீருக்கு அடியில் எலும்புக்கூட்டு உருவத்துடன் ‘இதற்கு மேல் போகாதே’ என்று எச்சரிக்கைப் பலகை நட்டிருக்கிறார்கள். பயிற்சி இல்லாமல் உள்ளே போனவர்கள் அத்தனை பேர் திரும்பவில்லை என்பதுதான் காரணம்.

அடுத்தது, எந்த ஊரில் எந்தச் சிலிண்டர். மெக்சிகோவில் துலும், பிளாயா டெல் கார்மென் பக்கம் செனோட்டே எனப்படும் கிணற்றுக் குகைகளுக்கு அலுமினியம் 80தான் வழக்கம். அதை இரண்டிரண்டாக விலாவில் தொங்கவிடுகிற சைடுமவுண்ட் முறை அங்கே பரவலானது. புளோரிடாவின் ஹை ஸ்பிரிங்ஸ் வட்டாரத்தில் இரும்பு, அதாவது எல்பி எனப்படும் குறைந்த அழுத்த ஸ்டீல் சிலிண்டர்கள். பிரான்சில் லோட் ஆற்றுப் பகுதிக் குகைகளுக்கு 232 பார் அழுத்தத்துக்கான ஸ்டீல், 12 லிட்டர் ஜோடி சாதாரணம். ஊரில் கடல் கடையில் யோக் என்ற கவ்வி வகை வால்வு போட்ட ஒற்றை அலுமினியம் சிலிண்டரில் பழகியவருக்கு இவை மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

‘80’ என்பது கன அடி. பழைய அமெரிக்க அளவு. உள்ளளவு 11.1 லிட்டர், அழுத்தம் 207 பார், அதாவது 3,000 பி.எஸ்.ஐ. முழுசாக நிரப்பினால் சுமார் 2,200 லிட்டர் காற்று. எல்பி 85 ஸ்டீலின் உள்ளளவு சுமார் 13 லிட்டர், ஆனால் முத்திரையாகக் குத்தியிருக்கும் அழுத்தம் 2,400 பி.எஸ்.ஐ. தான். சோதனைத் தேதிக்குப் பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் 10 சதவீதம் கூடுதலாக, 2,640 பி.எஸ்.ஐ. அல்லது 182 பார் வரை அடைக்கலாம். எத்தனை லிட்டர், எத்தனை பார் என்ற இரண்டையும் கடை எழுத்தில் தர வேண்டும். ‘பெரிய டேங்க்’ என்ற பதில் கணக்குக்கு உதவாது. நம் கேஜ் (அழுத்தமானி) பாரில், கடையின் கேஜ் பி.எஸ்.ஐ.யில் என்றால் 14.5ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

மிதப்பும் மாறும். அலுமினியம் 80 நிறைந்திருக்கும்போது லேசாக அமிழும், தீரும்போது ஏறக்குறைய 2 கிலோ மேல்நோக்கி இழுக்கும். சைடுமவுண்டில் இது கண்ணுக்கே தெரியும்: பாதி தீர்ந்ததும் சிலிண்டரின் வால் எழும்பி முதுகை இடிக்கும், அப்போது கிளிப்பை முன்வளையத்துக்கு மாற்ற வேண்டும். ஸ்டீல் அப்படி எழும்பாது, ஆனால் ஜோடி ஸ்டீல் கனமானது. மெல்லிய வெட்சூட்டோடு (நீர் புகும் ரப்பர் உடை) அதை மாட்டிக்கொண்டு, விங் என்ற மிதப்புப் பை கிழிந்தால் தூக்கிப் பிடிக்க எதுவும் இல்லை, கழற்றிப் போட எடையும் இல்லை. செனோட்டேயில் தண்ணீர் 24, 25 டிகிரி. நம் ஊர்க்காரர் வெட்சூட்டில் சமாளிக்கலாம், அதற்கு அலுமினியம் பொருத்தம். லோட் பக்கம் 13 டிகிரி அளவில் இருக்கும், நீர் புகாத டிரைசூட் இல்லாமல் ஆகாது. அதன் காற்று விங்குக்குத் துணையாக இருப்பதால் அங்கே ஸ்டீல் சரி. வெட்சூட்டுக்கும் ஸ்டீல் ஜோடியை யோசிக்காமல் தரும் கடையிடம் ஏன் என்று கேளுங்கள். கடலில் போட்ட எடையை அப்படியே போடாதீர்கள். குகைத் தண்ணீர் பெரும்பாலும் நன்னீர், அதில் மிதப்பு இன்னும் குறைவு.

வால்வு

குகைக்கு டின் (DIN) என்ற மரை வகை வால்வுதான். ரெகுலேட்டரை வால்வுக்குள் மரையாகச் சுற்றி இறக்குவதால் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இரண்டு உலோகங்களுக்கு நடுவே சிறைப்பட்டுவிடும். யோக் வகையில் கவ்வி வெளியே துருத்திக்கொண்டிருக்கும். கூரையில் ஒரு இடி இடித்தால் ஓ-ரிங் பிதுங்கிக் காற்று கொட்டும். கடையில் யோக் மட்டுமே இருந்து, அடாப்டர் தருகிறேன் என்று சொன்னால் வேறு கடை பாருங்கள். நடுவில் ஒரு திருகு செருகியிருந்து, ஆலன் கீயால் கழற்றினால் டின் ஆகிவிடும் இருவழி வால்வுகளும் உண்டு, அவை பரவாயில்லை. ஆனால் அந்தச் செருகலைக் கடையிலேயே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உப்புப் பிடித்து இறுகிவிட்டால் மறுநாள் காலை குகை வாசலில் அது கழன்று வராது.

ஐரோப்பாவில் இன்னொரு சிக்கல் உண்டு. நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூட்டிய காற்று, அடைக்கும் சிலிண்டருக்கு எம்26 என்ற தனி மரை இருக்கலாம். நம் டின் ரெகுலேட்டர் அதில் இறங்காது. முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மரை பொருந்தவில்லை என்று எந்த வால்வையும் ஒரு சிலிண்டரிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்ட யாரையும் விடாதீர்கள். 25 மில்லிமீட்டர் மரை வால்வு, முக்கால் அங்குல மரைக் கழுத்தில் நாலைந்து சுற்று தளர்வாகப் பிடித்துக்கொள்ளும், பார்க்கச் சரியாக இருக்கும், அழுத்தம் ஏறும்போது குண்டாகப் பறக்கும்.

முதுகில் மாட்டும் ஜோடி என்றால் இரண்டையும் இணைக்கும், நடுவில் பிரிப்பு வால்வு உள்ள மேனிஃபோல்டு குழாய் வேண்டும். இரு பக்க வால்வு, நடு வால்வு ஆகிய மூன்றின் திருகு குமிழையும் கையால் திருப்பிப் பாருங்கள். இறுகலாகத் திரும்பும் குமிழைத் தண்ணீருக்குள் தலைக்குப் பின்னால் கையை நீட்டி உங்களால் திருப்ப முடியாது. பிளாஸ்டிக் குமிழில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். நீந்தும்போது இடப்பக்கக் குமிழ் கூரையில் உரசினால் மூடும் திசையில் சுற்றும் என்பதால், உடையாத ரப்பர் குமிழ் அந்தப் பக்கம் இருப்பது முக்கியம். சைடுமவுண்டுக்கு இடது, வலது என்று எதிர்ப்பக்க வால்வு உள்ள ஜோடியா, இல்லை இரண்டும் ஒரே பக்க வால்வா என்று கேட்க மறக்க வேண்டாம். ஒரே பக்கமாக இருந்தால் குழாய் போகும் வழி மாறும். அது பயிற்சியில் பழகியிருக்க வேண்டிய விஷயம், குகை வாசலில் கண்டுபிடிக்க வேண்டியதல்ல.

வால்வு கசிவைப் பார்ப்பது எளிது. பஞ்சர் கடைக்காரர் ட்யூபைத் தொட்டியில் அமுக்குவதைப் போலத்தான்: ரெகுலேட்டரை மாட்டித் திறந்து, கழுத்துப் பகுதியைத் தண்ணீர் வாளியில் முக்கி ஒரு நிமிடம் பாருங்கள். திருகு குமிழின் தண்டிலிருந்து ஒற்றை நீர்க்குமிழி வந்தாலும் அந்தச் சிலிண்டர் வேண்டாம். கடைக்காரர் முகம் சுளிக்காமல் வேறு எடுத்துத் தந்தால் அடுத்த தடவையும் அவரிடமே போங்கள்.

முத்திரை

வீட்டுக் கேஸ் சிலிண்டரின் கைப்பிடிப் பட்டையில் ஏ, பி, சி, டி என்று காலாண்டும் ஆண்டும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அடுத்த சோதனை எப்போது என்று சொல்கிறது. டைவிங் சிலிண்டரில் தோள்பட்டையில் குத்தியிருப்பது சோதனை நடந்த தேதி. இந்த வித்தியாசத்தை மறந்தால் காலாவதியான சிலிண்டரைப் புதிது என்று நினைத்துவிடுவோம். அமெரிக்காவில் நீர் அழுத்தச் சோதனை 5 ஆண்டுக்கு ஒருமுறை. மாதத்துக்கும் ஆண்டுக்கும் நடுவே சோதனைக்கூடத்தின் அடையாள எழுத்துகள் சதுரமாக இருக்கும். இதைத் தவிர வால்வைக் கழற்றி உள்ளே விளக்கு விட்டுப் பார்க்கும் சோதனை ஆண்டுக்கு ஒருமுறை. அதற்கு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பிரான்சிலும் உள்பார்வை ஆண்டுதோறும்தான்.

அலுமினியத்தில் ஒரு பழைய பூதம் உண்டு. 6351 என்ற உலோகக் கலவையில் செய்த சிலிண்டர்களுக்குக் கழுத்து மரையில் மெல்ல மெல்ல விரிசல் விழும் குணம் இருந்தது, சில வெடித்தும் இருக்கின்றன. இப்போது 6061 கலவைதான். முதல் சோதனைத் தேதி 1990க்கு முந்தையதாக இருக்கும் அலுமினியம் சிலிண்டரை வாடகைக்கு எடுக்காதீர்கள். அது எந்தக் கலவை என்று விசாரிக்கும் நேரத்தில் வேறொன்றை எடுத்துவிடலாம். ஸ்டீலுக்கு எதிரி துரு. உள்ளே ஈரம் இருந்து மாதக்கணக்கில் நின்றால் துரு பிடிக்கப் பிடிக்க அந்தக் காற்றிலிருக்கும் ஆக்சிஜனையே தின்றுவிடும். அழுத்தம் சரியாகக் காட்டும், மூச்சு மட்டும் போதாது. வெறும் காற்றுதானே என்று ஆக்சிஜன் அளவு காட்டும் அனலைசரை வைக்காமல் விடக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

காற்று

கடையைப் பிரித்துக் காட்டும் இடம் இதுதான்.

நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை கொண்டுபோனவர்களுக்குத் தெரியும்: ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினதா இல்லையா என்பதைக் கருவி காட்ட வேண்டும், அதை நம் கண்ணால் பார்க்க வேண்டும். அந்த விழிப்பை இங்கேயும் கொண்டுவாருங்கள். ஸ்டிக்கரில் 32 என்று எழுதியிருப்பது கடைக்காரர் சொன்ன வார்த்தை. நாம் அனலைசரில் பார்த்து, நம் கையால் சதவீதம், அதிகபட்ச ஆழம், தேதி, பெயரின் முதலெழுத்து எழுதி ஒட்டினால்தான் அது நம் சிலிண்டர். ஆக்சிஜனின் பங்கு அழுத்தம் 1.4 பாரைத் தாண்டக்கூடாது என்று வைத்தால் 32 சதவீத நைட்ராக்ஸுக்கு 33 மீட்டர் எல்லை. கலவை தவறி 36 ஆகியிருந்தால் எல்லை 28 மீட்டர். ஐந்து மீட்டர் வித்தியாசம். குகைத் தரை அதைக் கேட்டுக்கொண்டு உயராது.

பார்க்கும் முறை: அனலைசரைப் போட்டு நிலைப்படும்வரை விடுங்கள். பிறகு 20.9க்கு அளவு திருத்த வேண்டும். இதை வெளிக்காற்றில் செய்யாமல், சாதாரணக் காற்று அடைத்த சிலிண்டரைத் திறந்து செய்யுங்கள். நம் கடற்கரையைப் போலப் புழுங்கும் ஊர்களில் வெளிக்காற்றில் நீராவி நிறைய. அதில் ஆக்சிஜன் 20க்குச் சற்று மேலேதான் இருக்கும். அதை 20.9 என்று பொய் சொல்லிக் கொடுத்தால், பிறகு உலர்ந்த கலவையை ஏறக்குறைய 1 சதவீதம் கூட்டிக் காட்டும். அடுத்து, வால்வை மெதுவாக, காற்று சீறாமல் ஊதும் அளவுக்குத் திறந்து எண் நிற்கும்வரை காத்திருங்கள். அரை நிமிடமாவது ஆகும். சைடுமவுண்ட் என்றால் இரண்டு சிலிண்டரையும் தனித்தனியாக. மேனிஃபோல்டு ஜோடி என்றால் முதலில் நடு வால்வு திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த நடு வால்வைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். கழுவும்போதோ தூக்கும்போதோ அது மூடிக்கொண்டால், கடையில் வலப்பக்கம் மட்டும் புதுக் கலவை ஏறும், இடப்பக்கம் பழையதே கிடக்கும். வலப்பக்கம் அனலைசர் வைத்தால் எல்லாம் சரி என்று காட்டும். இன்னொரு விதமாகவும் கெடுக்கும். இரண்டு பக்கமும் நிறைந்தபின் மூடியிருந்தால், நாம் மூச்சு விடுவது வலப்பக்க ரெகுலேட்டரில், கேஜ் இருப்பது இடப்பக்கத்தில். உள்ளே போகப் போக ஊசி நகரவே நகராது. நன்றாகக் காற்றைச் சேமிக்கிறோம் என்று மகிழ்ந்துகொண்டே ஒரு சிலிண்டரைக் காலி செய்துவிடுவோம். முதல் பத்து நிமிடத்தில் கேஜ் இறங்கவில்லை என்றால் அங்கேயே நின்று நடு வால்வைத் தொடுங்கள்.

கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கம்ப்ரசரின் காற்று இழுக்கும் குழாய் ஜெனரேட்டர் புகைக்கோ வண்டி நிற்கும் இடத்துக்கோ பக்கத்தில் இருந்தால் வரும். கம்ப்ரசர் சூடேறி உள்ளே எண்ணெய் தீய்ந்தாலும் வரும். ஐரோப்பியத் தரமான இஎன் 12021 இதை 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு) வரைதான் அனுமதிக்கிறது. அமெரிக்காவின் கிரேடு ஈ 10 பிபிஎம். கரையில் 10 என்பது 30 மீட்டர் ஆழத்தில் 40 போல வேலை செய்யும். தலைவலியும் மந்தமும் குகையின் உள்கோடியில் தொடங்கும். கம்ப்ரசர் அறையைப் பார்க்க அனுமதி கேளுங்கள். குழாய் எங்கே தொடங்குகிறது, மோனாக்சைடு கருவி தொடர்ந்து ஓடுகிறதா, வடிகட்டி மாற்றிய மணிக்கணக்குப் பதிவேடு இருக்கிறதா என்ற மூன்றும் போதும். வடிகட்டியில் மோனாக்சைடைப் பிடிக்கும் ஹாப்கலைட் என்ற பொருள் உலர்ந்திருந்தால்தான் வேலை செய்யும். வெயிலும் ஈரமும் கூடிய ஊரில் அதன் ஆயுள் வெகுவாகக் குறையும். எங்கள் கருத்தில் பதிவேட்டைத் தயங்காமல் திறந்து காட்டும் கடைக்கு, வாடகை ஒன்றரை மடங்கு என்றாலும் கொடுத்துவிடலாம். சட்டைப்பையில் வைக்கும் அளவு மோனாக்சைடு கருவியைச் சொந்தமாக வாங்கிக்கொள்வதும் வீண்செலவு அல்ல.

ஸ்டேஜ் (கூடுதலாகக் கொண்டுபோவது), டிகம்ப்ரஷன் (மேலேறும்போது நின்று மூச்சு வாங்குவது) சிலிண்டர்களை வாடகைக்கு எடுக்கும்போது முந்தைய ஆளின் ஸ்டிக்கர் கிழிக்கப்படாமல் இருக்கும். 50 சதவீத ஆக்சிஜன் இருக்கும் சிலிண்டரை 30 மீட்டரில் வாயில் வைத்தால் ஆக்சிஜன் அழுத்தம் 2 பார். தண்ணீருக்குள் வலிப்பு வர அது போதும். 50 சதவீதத்துக்கு எல்லை 21 மீட்டர், சுத்த ஆக்சிஜனுக்கு 6 மீட்டர். பழைய ஒட்டு எல்லாவற்றையும் கடை வாசலிலேயே உரித்துவிட்டுத்தான் புதிது ஒட்ட வேண்டும். இத்தகைய சிலிண்டரும் வால்வும் ஆக்சிஜனுக்காகத் தனியே எண்ணெய்ப் பசை இல்லாமல் கழுவப்பட்டவையா என்றும் கேளுங்கள். அழுத்த ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீதான்.

எவ்வளவு அடைத்தார்கள்

அவசர அவசரமாக நிரப்பினால் சிலிண்டர் கொதிக்கும். 45 டிகிரியில் 207 பார் காட்டியது 24 டிகிரித் தண்ணீரில் ஆறியதும் 193 பார்தான். ஜோடி அலுமினியத்தில் அந்த 14 பார் என்பது 300 லிட்டருக்கு மேல். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று பொருளல்ல. முதல் நாள் மாலையே நிரப்பி ஆறவிட்டு, காலையில் மேலே கொஞ்சம் நிரப்பித் தருகிறாரா என்பதைக் கேளுங்கள். நம் கணக்கை எப்போதும் ஆறிய அழுத்தத்தில் போட வேண்டும்.

இதற்கு நேர்மாறாகப் புளோரிடாவில் ‘கேவ் ஃபில்’ என்ற வழக்கம் பரவலாக இருக்கிறது: 2,400 முத்திரையுள்ள எல்பி ஸ்டீலில் 3,600 பி.எஸ்.ஐ. வரை அடைப்பது. பல ஆண்டுகளாகப் பலர் செய்கிறார்கள், ஸ்டீல் தாங்குகிறது என்பார்கள். முத்திரைக்கு மேல் அடைக்கக் கேட்கக்கூடாது என்பதே எங்கள் நிலை. அமெரிக்க வால்வுகளில் அழுத்தம் மிஞ்சினால் கிழியும்படி ஒரு மெல்லிய தகடு இருக்கிறது. வாடகைச் சிலிண்டரில் அந்தத் தகடு எத்தனை முறை அளவுக்கு மீறி இழுபட்டது என்று யாருக்கும் தெரியாது. குகைக்குள் அது கிழிந்தால் காற்று அப்படியே போய்விடும். கூடுதல் காற்று வேண்டுமென்றால் பெரிய சிலிண்டர் எடுங்கள், அல்லது தூரத்தைக் குறையுங்கள்.

இருவருக்கும் ஒரே அளவு கிடைக்கிறதா என்பது கடையிடம் கேட்க வேண்டியவற்றில் பலர் விட்டுவிடுவது. ஒருவரிடம் ஜோடி அலுமினியம், 22.2 லிட்டர், 180 பார். மூன்றில் ஒன்று 60 பார், அதாவது 1,332 லிட்டர். கூட்டாளியிடம் ஜோடி 12 லிட்டர் ஸ்டீல், 24 லிட்டர், 210 பார். அவர் மூன்றில் ஒன்று 70 பார், 1,680 லிட்டர். இருவரும் தத்தம் கேஜைப் பார்த்துத் திரும்பினால், உள்கோடியில் ஸ்டீல்காரரின் காற்று போய்விடும்போது இருவரும் வெளியே வரத் தேவை 3,012 லிட்டர். அலுமினியக்காரரிடம் மீதி 2,664. முந்நூற்று நாற்பத்தெட்டு லிட்டர் துண்டு விழுகிறது. ஆகவே காற்று குறைவாக உள்ளவரின் 1,332ஐ 24ஆல் வகுத்து, ஸ்டீல்காரர் 55 பார் தீர்ந்ததும் திரும்ப வேண்டும். கடை இருவருக்கும் ஒரே மாதிரி ஜோடி தந்துவிட்டால் இந்தக் கணக்கின் பாதித் தலைவலி கரையிலேயே தீரும். நிமிடத்துக்கு 18 லிட்டர் மூச்சு விடுபவருக்கு 15 மீட்டரில் 45 லிட்டர் ஆகும். அந்த 1,332 லிட்டர் அரை மணிக்குச் சற்றுக் குறைவாக உள்ளே கொண்டுபோகும். கடை 150 பார்தான் அடைத்துத் தந்தது என்றால் 1,110 லிட்டர், 24 நிமிடம். பயணத் திட்டத்தை அதற்கேற்பச் சுருக்க வேண்டுமே ஒழிய மூன்றில் ஒரு பங்கு விதியை அல்ல.

பேச்சும் பணமும்

அறுவடை மெஷின் வாடகை பேசும்போது மணிக்கணக்கா, ஏக்கர்க் கணக்கா, டீசல் யார் செலவு என்று கறாராகக் கேட்போம். இங்கேயும் அப்படித்தான். வாடகை நாள் கணக்கா, நிரப்பும் தடவைக் கணக்கா, நைட்ராக்ஸுக்குத் தனிக் காசா, முன்பணம் எவ்வளவு, இரவு ஏழுக்குத் திரும்பி வந்தால் கடை திறந்திருக்குமா, மறுநாள் ஏழு மணிக்கு நிறைந்த ஜோடி கைக்கு வருமா. கடையில் ஆறு ஜோடிதான் இருந்து, ஒரு பயிற்சிக் குழு வந்து இறங்கினால் நமக்கு எது மிஞ்சும் என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எடுக்கும்போது ஒவ்வொரு சிலிண்டரையும் நாலு பக்கமும் படம் பிடியுங்கள். பட்டை, கிளிப், வால்வு மூடி உட்பட. முன்பே இருந்த நசுங்கலுக்கு நாம் காசு கட்ட வேண்டாம்.

வண்டியில் படுக்க வைத்துக் கட்டுங்கள், வால்வு எதிலும் இடிக்காதபடி. திருப்பித் தரும்போது முழுக்கக் காலி செய்யாமல் 30 பாராவது மிச்சம் வையுங்கள். காலியான சிலிண்டரில் வால்வு திறந்திருந்தால் ஈரம் புகும். பிறகு கடைக்காரர் அதைக் கழற்றி உள்ளே பார்த்தாக வேண்டும், அதற்குக் காசும் கேட்பார்.

வாடகைக்குச் சம்பந்தமான இன்னொன்றையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. நம் பக்கத்துக் கடல் டைவ் கடைகளில் கிடைக்கும் ஒற்றைச் சிலிண்டரைக் கிணற்றிலோ, கல்குவாரிக் குழியிலோ, மதகுக் கண்ணிலோ இறங்கிப் பார்க்க என்று எடுக்காதீர்கள். மதகில் தண்ணீர் இழுக்கும் வேகத்துக்கு யாரும் தாங்க மாட்டார்கள். கிணற்றில் அடியில் மரக்கிளையும் கயிறும் வண்டலும். ஒரே சிலிண்டர், ஒரே ரெகுலேட்டர், வழிக்கயிறு இல்லை. நல்ல கடை எதற்கு என்று கேட்டு மறுத்துவிடும். யாராவது விழுந்துவிட்டால் 101க்கு அழையுங்கள், அந்த வேலைக்குத் தீயணைப்புத் துறையினர் இருக்கிறார்கள்.

குகை இருக்கும் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் நாளைக் குகைக்கு ஒதுக்காதீர்கள். வாடகை ஜோடியோடு வாயிலுக்கு வெளியே, வெளிச்சம் படும் இடத்தில் இறங்கி, சிலிண்டரில் 40 பார் மிஞ்சும்வரை பழகுங்கள். அப்போது 3 மீட்டரில் விங்கைக் காலி செய்துவிட்டு அசையாமல் நிற்க முடிந்தால் எடை சரி. எழும்பினால் அரை கிலோ சேர்த்து மறுபடியும். மூன்று குமிழையும் மூடித் திறந்து பாருங்கள், கூட்டாளியிடம் நீளக் குழாய் ரெகுலேட்டரைக் கொடுத்து வாங்குங்கள், ஒருவர் வால்வை ஒருவர் பார்த்துக் குமிழி வருகிறதா சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அந்தச் சிலிண்டர்களின் தோளில் குத்தியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, பயணம் முடியும்வரை இதே ஜோடியைத்தான் நிரப்பித் தர வேண்டும் என்று கடையில் சொல்லிவிடுங்கள்.